நல்ல தண்ணீர்ப் பேத்தை

மஞ்சக்குப்பத்தில் மாடிப் போர்ஷன்.
போர் தண்ணீர் உவர்ப்பு.
கேன் இரண்டு வரும்:
எனக்கொன்று, அதற்கொன்று.

"அக்கா, இது யாரோடயும் ஒத்துப்போகாது,
கூட விட்டா வாலைக் கடிச்சிடும்"
என்றான் கடைப் பையன்.
"ஒத்தையா இருந்துக்குமா?"
"ஒத்தையாத்தான் நல்லா இருக்கும்."
அந்த ஒரு வாக்கியத்துக்கு
நானூற்றைம்பது கொடுத்தேன்.

ஒரு கண் என்னைப் பார்க்கும்.
அதே நேரம் மறு கண்
தொட்டிக்குப் பின்சுவரில் நகரும் பல்லியை.
சிப்காட் ஷிப்ட் முடிந்து
பூட்டில் சாவி திரும்பும் சத்தத்துக்கு
முன்கண்ணாடிக்கு வந்து
மேலும் கீழும் ஆடும்.
பாசம் என்று சொல்லமாட்டேன். பசி.
என் பசிக்கும் அப்படி
வெட்கமில்லாமல் ஆடத் தெரிந்திருந்தால்
எத்தனையோ மிச்சமாகியிருக்கும்.

மீன்கூடையை இறக்காமலே சிரித்தாள் அஞ்சலாட்சி.
"ஐயய்ய, பேத்தை!
வலையக் கடிச்சுக் குதறுற சனியன்.
தேவனாம்பட்டினத்துல மணல்ல உதறிட்டு வரோம்,
நீ காசு குடுத்துக் கண்ணாடியில வச்சிருக்கே?"
இது ஆற்று மீன், வேறு சாதி என்றேன்.
"சாதி என்ன சாதி,
மூஞ்சி அதேதான்."

கீழ்வீட்டுப் பையன் கண்ணாடியைத் தட்டுவான்:
எப்போ ஊதும்?
பயந்தால் ஊதும்.
இரண்டு வருஷமாக ஊதவில்லை.
என் வாழ்வில் நான் சொல்லிக்கொள்ளக்கூடியது அதுதான்.

நைட் ஷிப்ட் மாதங்களில்
நத்தை தேடச் சோம்பி
உறைந்த புழுக்கட்டியே போட்டேன்.
கடிக்க ஓடில்லாத பல்
வளர்ந்துகொண்டே போனது.
ஒரு நாள் புழுவும் வாய்க்குள் போகவில்லை.

என் கடைவாய்ப் பல்லுக்கு வாங்கிய கிராம்புத் தைலம்,
கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு சொட்டு.
அது சாய்ந்தது.
ஈரத்துணியில் ஏந்தி
நகவெட்டியை வைத்தேன்.
டிக்.
நொய்யரிசி அளவு ஒன்று
மேஜையில் தெறித்தது.
கை நடுங்கியது அதற்குப் பிறகுதான்.

தொட்டியில் விழித்தது.
என்னைப் பார்த்தது.
ஊதியது.
எலுமிச்சை அளவுக்கு, முள்முள்ளாக,
மூலையில் தலை தூக்கி மிதந்தது.

மூன்று நாள்
எந்த மூலையிலிருந்தாலும்
இரண்டு கண்ணும் என்மேல்.

அஞ்சலாட்சி
கெடிலத்தோரம் பொறுக்கிய நத்தைகளைச்
சுருக்குப் பையிலிருந்து கொட்டி
பத்து ரூபாய் வாங்கிக்கொண்டாள்.
"உன் சக்களத்திக்கு."
பக்கெட்டில் போட்டுப் பெருகவிட்டேன்.
முதல் நத்தையை வெறுமனே பார்த்தது.
இரண்டாவது ஓடு உடைந்த சத்தம்
அடுப்படிவரை கேட்டது.

ஓடி வந்து குனிந்தேன்.
ஒரு கண் என்மேல்.
மற்றது
பல்லியிடம் போய்விட்டிருந்தது.