துணைக்கால்

பள்ளிக்கூடச் சான்றிதழில் 'தரணி' என்று அடித்துவிட்டேன்.
அந்தியூர் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தாள்.
"ஏனுங்ணா, எம்பேருல ஒரு காலக் காணோமுங்.
நீளந்தாண்டுனதுக்குக் குடுத்தது,
காலில்லாம எப்படித் தாண்டறதுங்?"
நிற்கவைத்தே திருத்திக் கொடுத்தேன்.
தாரணி.

மறு வருஷம் தை பிறந்ததும்
மூலையில் மஞ்சள் தடவிய தாளோடு
அவள் அப்பா செங்கோடன் வந்தார்.
மணமகள்: தரணி.
அதே கால் இல்லை.

"புள்ளைக்கு வயசு என்னங்?"
"பதினெட்டு முடிஞ்சுதுங்."
ஒன்பதாம் வகுப்பு என்று நான்தானே அடித்தேன், போன வருஷம்.

ஊர்க்கூட்டத்துக்கு ஐந்நூறு நோட்டீஸ் அடித்ததும் நான்தான்.
'பதினெட்டுக்கு முன் கல்யாணம் குற்றம்.'
பிழை திருத்தினேன், படிக்கவில்லை.
அன்றைக்குத்தான் படித்தேன்.

மெசின் ரிப்பேர் என்றேன்.
பந்தல்காரர் கம்பு இல்லை என்றார்.
மண்டபத்தில் சாவி தொலைந்தது.
யாரும் கூடிப் பேசிக்கொள்ளவில்லை;
நோட்டீஸ் எல்லார் வீட்டிலும் கிடந்தது.

செங்கோடன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.
டீக்கடையில் பார்த்தால்
பாதி டம்ளரோடு எழுந்து போவார்.

நாலு வருஷம் கழித்து, போன வாரம், தாரணி வந்தாள்.
பவானியில் மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகியிருக்கிறாள்.
விரலெல்லாம் வார்னிஷ் கறை.
பில் புக் வேண்டும், ஐம்பது தாள்.
புரூஃபில் அந்தக் காலை மட்டும் நகத்தால் தொட்டுவிட்டுத்
தலையாட்டினாள்.

அவள் போனபின் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.
அவள் பத்திரிகைக்கு முந்தின வருஷம்
வயசு கேட்காமல் அடித்துக் கொடுத்த ரெண்டு
அதே ஃபோல்டரில் இருக்கின்றன.
பேரில் ஒரு பிழையும் இல்லை.