ஆறு

எங்கள் தொழிலில் காலத்துக்கு
ஆறு நிமிடம் ஓர் அலகு.
மணிக்குப் பத்துத் துண்டு.
"அங்கே குளிர் எப்படி?" என்று போனில் கேட்டால்
அது ஒரு துண்டு. பதினெட்டு டாலர்.
கழிப்பறைக்குப் போனதைக்கூட
எவராவது வாடிக்கையாளர் தலையில் எழுதப் பழகியவள் நான்.
இன்வர்கார்கில் நகரில், இரண்டாம் மாடியில்,
ரோசலிண்ட் ஹாகர்ட் என்ற என் பெயர்ப்பலகை
அந்தத் துண்டுகளால் ஆனது.
வீடும்தான்.

நெவில் டாப்பரின் பண்ணைக் கணக்கு
போன வருடம்வரை
மூன்று பட்டதாரிகளுக்குப் பதினோரு நாள்.
ரசீதுகளில் மழை ஊறியிருக்கும்,
டீசல் சீட்டில் செம்மறி வாடை.
மாராமா ஒவ்வொன்றாக ஹீட்டர்மேல் உலர்த்துவாள்.
உலர்ந்த நேரமும் பில்லில் ஏறும்.

இந்த ஜூலையில்
அட்டைப்பெட்டியைப் படமெடுத்து
இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.
தேய்மானம், இருப்புநிலை, வரிப் படிவம்,
"அன்புள்ள திரு. டாப்பர்" என்று ஒரு கடிதம்,
அதில் என்னைவிட அதிக மரியாதை.
நான்கு நிமிடம்.
காபி ஆறவில்லை.
ஒரு துண்டுகூடத் தேறவில்லை.

நாற்பது பெண் ஆடுகள் குறைந்தன.
அது தயங்கவே இல்லை:
"இனப்பெருக்கத்துக்கு விற்கப்பட்டவை, தொகை வரவேண்டியது."
எவ்வளவு நல்ல வாக்கியம்!
அவசரத்தில் நானே எழுதியிருப்பேன்.
ஏட்டில் அவை
யாருடைய புல்லையோ மேய்ந்துகொண்டிருந்தன,
நிம்மதியாக, கடனில்.

நெவிலை அழைத்தேன்.
பைக்கை அணைத்தார். நாய் குரைத்தது.
"அதுவா," என்றார்.
பிறகு வெகுநேரம் வெறும் காற்று.
"டெய்ட்ரி ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்.
ஆடுகளை மேட்டுக்கு ஓட்டியிருக்கணும்.
ஓட்டல.
ராத்திரி ஆறு வந்துடுச்சு."

ஓரெட்டி ஆற்றை
எந்தத் தலைப்பின்கீழ் பதிவதென்று
இருபத்தாறு வருட அனுபவத்துக்குத் தெரியும்.
'விற்பனை'யை அடித்து
'இறப்பு, வெள்ளம், 40' என்று போட்டேன்.
டெய்ட்ரியைப் பற்றிப் பேசினோம்.
அவள் இல்லாத அடுக்களையைப் பற்றி.
வைத்தபோது பார்க்கிறேன்,
பழக்க தோஷம், என் விரல் கடிகாரத்தைத் தட்டியிருக்கிறது:
முப்பத்திரண்டு நிமிடம்.
அழித்தேன்.
அழிக்க ஆன நேரத்தையும்
எழுதப் பார்த்தது விரல்.

வைக்கும் முன் அவர் கேட்டிருந்தார்:
"மெஷினே முடிச்சிடுதாமே, மருமகன் சொன்னான்.
அப்ப பில் எவ்வளவு?
என் நாய் ரெண்டே நிமிஷத்துல மலையைச் சுத்தி
மந்தையை மடக்கிடும்.
நிமிஷக் கணக்குலயா அதுக்குச் சோறு போடுறேன்?"
கொஞ்சம் யோசித்து,
"ஆனா நாய் பில்லும் அனுப்பறதில்ல."

ஆக்லாந்து தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை:
நேரத்தை விற்காதீர்கள், மதிப்பை விற்கவும்.
இணைப்பில் இயந்திரத்தின் மாத வாடகை,
ஏறியிருந்தது.
பிப்ரவரியில் மூன்று பேர் வேலை கேட்டு எழுதினார்கள்.
இல்லை என்ற பதிலையும் அதுவே எழுதியது,
என்னைவிடக் கனிவாக.
மாராமா பால் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.
எந்த ரசீது பொய் சொல்கிறதென்று
உலர்த்தி உலர்த்தித்தான் அவளுக்குப் பிடிபட்டிருந்தது.
எனக்கும் அப்படித்தான்.
ஹீட்டர் இப்போது என் கால்களை மட்டும் சூடாக்குகிறது.

இரவு பில் போட உட்கார்ந்தேன்.
தொகை: போன வருடத்தில் பாதி.
ஏன் பாதி? என்னிடமே கணக்கில்லை.
'அளவு' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
சிவப்பில் எச்சரிக்கை வந்தது:
காலியாக விடக் கூடாது.

1 என்று இட்டேன்.
ஒன்று என்றால் எது ஒன்று என்று
அது கேட்கவில்லை.
அனுப்பியது.