வழுவமைதி

இரவு பதினொன்றே காலுக்கு டெல்பின் ரோஸ் கூப்பிட்டாள்.
"எக்கா, மறுபடியும் நின்னு போச்சு.
அதே ஆளுதான், சூசைமிக்கேல்.
பேரடிச்சா சும்மா கிடக்கு,
ஊரடிச்சா சாவுது."

தக்கலையில், பேக்கரிக்கு மேல் மாடியறையில்
மடிக்கணினியைத் திறந்து
நிறுத்தப்புள்ளி வைத்தேன்.
விசில் கேட்ட பேருந்தாய்
வில்லுக்குறி வளைவில் வந்து நின்றது நிரல்.
ஊர் எது என்று கேட்டேன்.
டிபக்கர் சொன்னது:
340 256 225
340 257 212
இன்னும் இப்படி இருபத்தேழு எண்கள்.

பேனா எடுத்துத் தாளில் கூட்டினேன்.
முதல் ஆறும் சேர்ந்தால் கொ.
மொத்தமும் சேர்ந்தால் கொல்லங்கோடு.
வாயில் ஆறு எழுத்து,
வட்டில் முப்பத்துமூன்று பைட்.

அமைப்பை மாற்றி எழுத்தாய்க் கேட்டால்
பாதியில் வெட்டித் தந்தது.
கொல்லங்க
அவ்வளவுதான்.
ஓகாரம் எங்கோ வரப்பில் விழுந்து கிடந்தது.

அதை நம்பித்தான் இரண்டு நாள்
ஆஸ்பத்திரி நிரலில் சரியாய் இருந்த ஏழு வரிகளைக் கெடுத்தேன்.
தராசு பொய் சொல்ல
மரச்சீனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திறந்த மூலம். ஆகவே திறந்தேன்.
டிபக்கரின் மேல் இன்னொரு டிபக்கரை ஏற்றினேன்.
நோயாளிக்கும் டாக்டருக்கும் ஒரே நோய்:
மேலே இருந்ததும் எண்களையே ஒப்பித்தது.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகளுக்குக் கீழே
பதினாறு வருடத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த குறிப்பு:
ஓர் எழுத்து ஒரு பைட் என்று வைத்துக்கொள்வோம்.

வைத்துக்கொள்வோம்.
அவர் மொழியில் அது உண்மைதான்.
கோபம் வரவில்லை. பசித்தது.
கீழே கடை அடைத்துவிட்டார்கள்.

முதல் திருத்தம் திரும்பி வந்தது.
பனி பெய்யும் ஏதோ ஊரிலிருந்து யான்கா கேட்டாள்:
சோதனை எங்கே?
இரண்டாவதும் வந்தது.
தமிழுக்குச் சரி, கெமருக்கு உடைகிறதே?
மூன்றாவதை அனுப்பும்போது
ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்து
முளகுமூடு வரைக்கும் இருட்டு.

நான்காவதற்கு அவள் எழுதினாள்:
எண்களையே படித்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள்,
அவர்களுக்கு இது வழு அல்ல.

மறுநாள் நாகர்கோவில் பேருந்தில் அதே யோசனை.
புலியூர்க்குறிச்சி, குமாரகோவில் விலக்கு,
தோட்டியோடு, சுங்கான்கடை,
ஒவ்வொரு படியாய் நின்று நின்று.
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது:
வழாநிலை, வழு, வழுவமைதி.
பிழைதான், ஆனால் ஒரு காரணம் பற்றி
ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை.
பாசத்தில் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது போல.
களியங்காட்டுக்கும் பார்வதிபுரத்துக்கும் நடுவே
கட்டைவிரலால் இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதினேன்,
பசு உட்பட.

யான்கா ஒரே வரியில் பதில் போட்டாள்:
அப்படியானால் ஒரு சுவிட்ச் வைக்கலாமே?

வைத்தேன்.
எழுத்தாய்க் காட்டுவது இயல்பு,
எண் வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.
திருத்தம் பதினோரு வரி,
சோதனை முப்பத்தெட்டு.
சோதனைக்கு ஊர்ப்பெயர்களைப் போட்டேன்:
கொல்லங்கோடு, குளச்சல், தேங்காப்பட்டணம்.
இனி எந்த நாட்டிலோ ஒரு கணினி
இரவுதோறும் அவற்றைச் சொல்லிப் பார்த்து
ஓகாரம் இருக்கிறதா என்று தடவிவிட்டுப் போகும்,
ஆள் இறங்காத நிறுத்தத்திலும் விசிலடிக்கிற கண்டக்டராய்.

சேர்த்துக்கொண்ட செய்தி வந்த இரவில்
டெல்பின் ரோஸ் கூப்பிட்டாள்.
"எக்கா, நின்னு போச்சு கேட்டியளா."
டிரெஸ்ஸிங் மாற்ற வந்த சூசைமிக்கேல்
பெஞ்சில் காலை நீட்டி உறங்குகிறாராம்.

புள்ளி வைத்தேன். ஊரைக் கேட்டேன்.
கொல்லங்கோடு என்றது,
முழுசாய், கொம்பும் காலுமாய்.
அதன் பின்னால் ஓர் இடைவெளி.
யாரோ எப்போதோ தட்டிய ஒற்றை ஸ்பேஸ்,
எண்களின் கூட்டத்தில் நான் பார்க்கத் தவறிய நாற்பது.

"பத்து நிமிசம் பொறு."
"வேண்டாம்க்கா, நோட்டுல எழுதியாச்சு.
நீங்க உறங்குங்க."