கட்டம் மூன்று

சூர் நகரம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.
வாசலில் ஒரு கன்டெய்னர் அறை, ஒரு ஏசி,
அது சொட்டுகிற இடத்தில் பெயின்ட் வாளி.
கேட் பாஸ் அடிப்பவன் நான்.
கட்டம் மூன்றைக் காலியாக விட்டால்
கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது.
கட்டம் மூன்று: குடும்பப் பெயர்.

ஜெர்மன்காரர் வந்தது ஆகஸ்டில்,
சட்டை முதுகோடு ஒட்டிப்போய்,
வடிகட்டும் சவ்வுகளைச் சோதிக்க மூன்று மாத விசாவில்.
கொர்பினியான் ப்ருன்னர்.
அளவெடுத்துச் செய்த நாற்காலியில் அமர்வதுபோல்
கட்டம் மூன்றில் உட்கார்ந்துகொண்டது அந்தப் பெயர்.

அரபியில் அடிக்கையில் காவலர் கமீஸ் அல் அராய்மி
எட்டிப் பார்த்தார். பரவ்னர் என்றார், புரூனர் என்றார்,
பேரீச்சங்கொட்டையை வாய்க்குள் புரட்டுவதுபோல.
இதற்கு என்ன அர்த்தம்?
பிரின்டர் சூடாக நாலு நிமிஷம்.
அந்த நாலு நிமிஷத்தில் அவர் சொன்னது:

ப்ருன்னன் என்றால் கிணறு. ஊற்று என்றாலும் சரி.
கிணற்றுப் பக்கம் குடியிருந்தவன் ப்ருன்னர்.
கிணறு வெட்டியவனும் ப்ருன்னராக இருக்கலாம், யார் கண்டது.
ஊரில் நாலு ஹான்ஸ் இருந்திருப்பார்கள்;
வரி வாங்க வந்தவன் குழம்பிப்போய்
கிணற்றடி ஹான்ஸ் என்று எழுதியிருப்பான்.
ஹான்ஸ் செத்தான். கிணற்றடி சாகவில்லை.
மகன் மலை தாண்டிப் பிழைக்கப் போனபோது
பெயர் கூடவே போனது, கிணறு போகவில்லை.
பவேரியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து,
எங்கே தட்டினாலும் ஒரு ப்ருன்னர் கதவைத் திறப்பான்.
என் ஊர் டெலிபோன் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்.
எல்லோரும் சொந்தமா? இல்லை இல்லை.
ஒவ்வொருத்தனுக்கும் தனிக் கிணறு.

கமீஸுக்குப் பிடித்துப்போனது.
கிணற்றுக்காரன் கடலையே இறைக்க வந்திருக்கிறான் என்று
தொடையில் தட்டிச் சிரித்தார்.
கமீஸ் என்றால் வியாழக்கிழமை, என்றார்,
அது பிறந்த நாள்; மற்றது குலம்.
ஏழு தலைமுறையை ஒரே மூச்சில் சொல்லி
எட்டாவதில் இருமினார்.

பிறகு இருவரும் பார்த்தது
என் மார்பில் தொங்கிய அட்டையை.
மிஸ்டர் இருளப்பன், உங்கள் பெயர்?

இருளப்பன் என் அப்பா.
பாஸ்போர்ட் எடுத்ததில்லை, கடலைப் பார்த்ததில்லை.
ஆறு வருடமாக இங்கே சம்பளம் வாங்குவது அவர்தான்.
ஓவர்டைம் பார்ப்பதும்,
ஹெல்மெட் போடாமல் மெமோ வாங்கியதும்.
தவசி என்று ஒருத்தன் இருப்பது
கேம்பில் என் அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, சார்.
ஓர் எழுத்து. ஒரு புள்ளி.
தொலைந்துவிட்டதா? என்றார் ப்ருன்னர்,
நிஜமான வருத்தத்தோடு.

தொலையவில்லை.
ஊரே பார்த்துக் கழற்றிப் போட்டது.
பின்னால் ஒட்டியிருந்தால்
எந்தத் தெரு என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.
எங்கள் ஊரிலும் கிணறு உண்டு, இரண்டு.
நீ எந்தக் கிணறு என்று ஒருவன் கேட்டால்
அது தாகத்தைப் பற்றிய கேள்வி அல்ல.
மேலக் கிணற்றுக்கு இருபதடி தள்ளி
குடத்தோடு நிற்பார் அப்பா,
யாராவது இறைத்து ஊற்றும்வரை.
அந்த வரிக்காரன் எங்கள் பக்கம் வந்திருந்தால்
இருபதடி தள்ளி இருளப்பன் என்று எழுதியிருப்பான்.

இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.
என் இங்கிலீஷ் அவ்வளவு நீளம் கிடையாது.
பாஸ் வந்தது, லேமினேஷன் சூட்டோடு.
தேங்க்யூ மிஸ்டர் இருளப்பன், என்று உள்ளே போனார்.

ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன்.
கிணற்றடியில் இருந்தவனுக்குக் கிணறே பேராம்.
"இருந்தவனுக்குச் சரி. வெட்டினவனுக்கு?"
அவனுக்கும் அதேதானாம்.

மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது.
யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள்.
"மேலக் கிணத்துல முப்பத்தெட்டாவது அடியில பாறை.
ஒன் தாத்தன் ஒடச்சது. ஒன்பது நாளு."
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"சம்பளம் போட்டுட்டானா?"

போட்டுட்டான்பா.
ஒம் பேர்லதான்.