கழித்தல் குறி

கோல் கம்பத்துக்குப் பின்னால், இரும்புக் கோபுரத்தின் உச்சியில்
நான் நிறுத்தும் கேமராவுக்குப்
பந்தைப் பற்றி அக்கறை இல்லை.
அதை மாடத்துக் கேமரா பார்த்துக்கொள்ளும்.
என்னுடையது ஐந்து முதுகுகளைப் பார்க்கிறது.
இடமிருந்து பெட்டிஃபோர்ட், குஷ்னிக்,
நடுவில் பந்தின்மேல் குனியும் ரௌட்டியோ,
அப்புறம் லஹாய், நியெமெலா.
விரல்களில் வெள்ளை டேப்.
குனிகையில் ஜெர்சி மேலேறி
நவம்பர் காற்றில் சிவக்கும் இடுப்புச் சதை.

என் கணவன் ஆரின் கேட்பான்:
அப்படி என்னத்தைப் பார்க்கிறாய்?
கூட்டமாய்க் கட்டிப்பிடித்துத் தள்ளுகிறார்கள், அவ்வளவுதானே.
கட்டிப்பிடித்தால் பத்து கஜம் தண்டனை, ஆரின்.
அதுதான் விஷயமே.
பிடிக்கக் கூடாது, விடவும் கூடாது.
பின்னால் நகர்ந்துகொண்டே
வழிவிடாமல் இருக்க வேண்டும்.
மூன்று நொடி.
அதற்குள் தோற்றால் தோல்வி,
அதற்குப் பின் தோற்றால் வெற்றி.
அவன் தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டான்.

சனிக்கிழமை தோற்றோம், பதினேழுக்குப் பதின்மூன்று.
உள்ளூர்ப் பத்திரிகை குவாட்டர்பேக்கின் கையைக் குறை சொன்னது.
பாவம் அந்தக் கை.
அது உயர்வதற்குள்
அதற்குரியவன் மல்லாந்து கிடந்தான்.

ஞாயிறு இரவு, ஏரிப்பக்கமிருந்து பனி வந்து
அடித்தள ஜன்னலைப் பாதி மூடிவிட்டது.
மீன் ஆலை வாசம் போகாத விரல்களால்
படத்தைத் துண்டுதுண்டாய் வெட்டுகிறேன்.
நாளை இதே அறையில் வெண்டல் ஸ்ட்ரூக்
அறுபத்தெட்டுத் துண்டுகளுக்கும்
ஆளுக்கொரு குறி போடுவார்.
முதல் அடி ஆறு அங்குலம். ஏழு என்றால் கழித்தல்.
கை மார்புக்கு வெளியே போனால் கழித்தல்.
எதிராளியை மண்ணோடு மண்ணாய் அழுத்தினாலும்
அவன் உன் எதிராளி இல்லையென்றால்
கழித்தல்.

ஐம்பத்தொன்பதாவது துண்டு.
மூன்றாம் முயற்சி, ஏழு கஜம் வேண்டும்.
குஷ்னிக் வலப்பக்கம் சாய்கிறான்.
அவன் விட்ட சந்தில்
ஒருவன் புகுந்து போகிறான்,
பூட்டாத வீட்டில் பூனை புகுவதுபோல்,
அவசரமே இல்லாமல்.

பின்னோக்கி ஓட்டுகிறேன்.
பூனை வெளியே வருகிறது. கை எழுகிறது. சந்து மூடுகிறது.
இன்னும் பின்னே, ஒவ்வொரு சட்டமாக.
பந்து இன்னும் தரையில்.
ரௌட்டியோ தலை நிமிர்த்தி எதையோ கத்துகிறான்,
அவன் இடது கை குறுக்கே நீண்டு
வலப்பக்கம் காட்டுகிறது.
ஆபத்து இருந்ததோ இடப்பக்கம்.
குஷ்னிக்கின் ஹெல்மெட் ஒருமுறை அசைகிறது:
சரி.

திங்கள் மாலை ஸ்ட்ரூக் படத்தை நிறுத்தினார்.
யார், என்று முழுதாய்க் கேட்பதற்குள்
குஷ்னிக்கின் கை மேலே.
"கத்தினது காதில் விழலை, கோச்."
பக்கத்து நாற்காலியில் ரௌட்டியோ
கட்டைவிரல் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாய் உரித்தான்,
அதை உருட்டினான், திரும்பவும் ஒட்டினான்.
ஸ்ட்ரூக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.
மறுபடி ஓட்டச் சொல்லவில்லை.
பென்சில் தாளில் ஒரு கோடு இழுத்தது.

சுவரோரம் நின்றிருந்தேன், ரிமோட் என் கையில்.
எனக்குத் தெரியும் என்று குஷ்னிக்குக்குத் தெரியும்.
போகும்போது கேட்டான்:
அந்த அறையில் ஹீட்டர் வேலை செய்கிறதா?

விசில் ஊதி இரண்டு நொடியில் வெட்ட வேண்டும் என்பது விதி.
ஐம்பத்தொன்பதை மட்டும் என் பிரதியில் வெட்டவில்லை.
நான்கு பேர் குவாட்டர்பேக்கைத் தூக்கி நிறுத்துகிறார்கள்.
குஷ்னிக்கை யாரும் தூக்கவில்லை,
தானே கையூன்றி எழுகிறான்.
தன் ஆணிக்கால் பெயர்த்த புல்கட்டியைத் தேடி எடுத்து
வந்த குழியிலேயே வைத்து
குதிகாலால் இரண்டு மிதி.
அப்புறம், நின்று யோசித்து,
இன்னொன்று.