காயுமட்டும்

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
மாடியறை. ஒரு ஜன்னல், வாவியைப் பார்த்தபடி.
மார்கழி மழைக்கு எண்ணெய்ச் சாயம் காயாது என்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நானூறு வருசத்துப் படம்.
கொழும்பில் வாங்கிய அச்சில் மஞ்சளாய்க் கிடக்கிறது,
கைபேசியில் நீலம் பூத்துப்போய்.
எது சரி என்று தெரியாமல்
இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் குழைத்தேன்.

நாலு தலைகள், முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில்.
உயிர்த்து வந்தவர் போர்வையை விலக்க,
தோமா குனிந்து
விலாவுக்குள் விரலை விடுகிறான்.
பின்னால் இருவர் எட்டிப் பார்க்கிறார்கள்,
எங்கள் வார்டில் அடுத்த கட்டில்காரர் பார்ப்பதுபோல.

நான் வெள்ளிக்கிழமை மரக்கறி,
மாமாங்கத்தில் தீர்த்தம்.
இந்தப் படத்தைத் தொட்டது பக்தியில் அல்ல.
சத்திரசிகிச்சை வார்டில் பதினோரு வருசமாய்க்
கட்டு மாற்றுகிறேன்.
காயமென்றால் எனக்குக் கைவரும் என்று நினைத்தேன்.

வரவில்லை.

சட்டமடித்துத் தந்த செல்வின் பல்தசார்
துணியைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"மேளம் மாதிரி நிக்குது மிஸி.
மறுகா என்னத்தைக் கீறினாலும் உங்கட பாடு."

முதலில் சாம்பலும் பச்சையுமாய் ஒரு பூச்சு.
உயிருள்ள சதைக்கு அடியில்
பிணத்தின் நிறம் இருக்கவேண்டுமாம்.
அதைப் பூசும்போது மட்டும் கை தயங்கவில்லை.
மெலிந்த பூச்சின் மேலேதான் கொழுத்த பூச்சு,
மாறிப்போனால் வெடிக்கும்.
பதினேழு நாள் பொறுத்தேன்.
அதற்குள் ஒரு கொசு தோமாவின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.
ஊசியால் எடுத்தேன்.
ஒரு கால் இன்னும் அங்கேதான்,
சுருக்கத்தோடு சுருக்கமாய்.

கட்டம் போட்டு அளந்தபோதுதான் கண்டேன்:
அவன் தோளில் தையல் பிரிந்திருக்கிறது.
நகத்துக்குள் அழுக்கு.
காயத்தில் சிவப்பே இல்லை.
நான் முதல் நாளே சிவப்பு ட்யூபை
அரைவாசி பிதுக்கியிருந்தேன்.

மணிக்கட்டை மூன்று முறை சுரண்டி எடுத்தேன்.
அவர் அவன் கையைப் பிடித்திருக்கிறார்.
தடுக்கிறார் என்றே கீறினேன்.
மூன்று முறையும்
இரண்டு கைகளும் சண்டைக்கு நின்றன.

தை பிறந்து, ஒரு கிளினிக் நாள்.
வாழைச்சேனைப் பக்கத்து மனிசன்.
துண்டில் இளையதம்பி என்றிருந்தது.
தொண்ணூறாம் ஆண்டு போன இரும்பு
இன்னும் விலாவுக்குள் கிடக்குதென்றார்.
எக்ஸ்ரேயில் தெளிவில்லை,
திரும்ப எடுக்கவேண்டும் என்றேன்.
அவர் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
இறுக்கவில்லை. விடவுமில்லை.
விரலைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்துக்
கொஞ்சம் அமத்தினார்.
"இஞ்ச."

இருந்தது.
நெல்லுமணியைவிடச் சற்றுப் பெரிது.
தோலுக்கடியில் நழுவி
மறுபடி அதே இடத்துக்கு வந்தது.
அடுத்த ஆளைக் கூப்பிட
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அன்றிரவு கரண்ட் இல்லை.
வாவியில் நிலவு பட்டு
முகட்டில் அலையலையாய் வெளிச்சம்.
அதுவும் மெழுகுதிரியும் போதுமாயிருந்தது.
நாலாம் தடவை மணிக்கட்டு
அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டது.
மற்றதெல்லாம் இன்னும் பிழை.
இடப்பக்கத்துக் கிழவனின் காது
நண்டுக்கோது மாதிரி.

காயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
மண்ணிறம், கொஞ்சம் கறுப்பு,
மேல் உதட்டில் மயிரிழை வெள்ளை.
எட்டு நாளாகிறது.
பார்வைக்கு ஈரமும் காய்ந்ததும் ஒரே மினுக்கம்,
கண்ணை நம்பமுடியாது.
வேலை விட்டு வந்ததும்,
செருப்பைக் கூடக் கழற்றாமல்
சுட்டுவிரலை விளிம்பில் வைத்துப் பார்க்கிறேன்.

இன்றைக்கும் விரலில் வந்தது.