கோராத செலவு

குன்னூர் பெட்ஃபோர்டில், பேக்கரிக்கு மேல்மாடி.
ஆடிட்டர் பெனடிக்டா ஹீட்டரை
என் பக்கம் திருப்பிவிட்டுக் கேட்டார்:
"இதுவரை கோராத செலவு ஏதாவது உண்டா?"

ஆறு வருஷம் செல்போன் டவர் ஏறினேன்.
கோயம்புத்தூர் கம்பெனி அதைச் சம்பளம் என்று தரவில்லை,
கடன் என்று தந்தது.
திருப்பிக் கேட்கவே கேட்காத கடன்.
"கடனுக்கு ஏது வரி?" என்று அவர்கள் சிரித்தபோது
நானும் சிரித்தேன்.
தெரியாமல் நடந்துவிட்டது மேடம் என்றேன்.
பேனாவை மூடி வைத்தார்.
தெரிந்துதான், என்று திருத்திய பிறகே
மூடி மறுபடி கழன்றது.

கம்பெனியின் பெயர்ப்பலகை ஒரு ராத்திரியில் இறங்கிவிட்டது.
நோட்டீஸுக்கு என் வீடு மட்டும் தெரிந்திருந்தது.
கேத்தி தபால்காரர் அதைத்
தன் மழைக்கோட்டுக்குள் அணைத்து
ஒரு சொட்டு படாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

"சமரசத்துக்குப் போகிறோம், போஜன்.
வாங்கியது வருமானம்தான் என்று நீங்கள் ஒப்புக்கொண்டால்
அதைச் சம்பாதிக்க ஆன செலவை
அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே பில்?"

ஹெல்மெட் பையைக் கவிழ்த்தேன்.
மேஜை முழுக்க வெள்ளைத் தாள்.
மஞ்சூர் பங்க் டீசல், எமரால்டில் வாங்கிய கயிறு,
கொக்கி, கையுறை, லாட்ஜ்,
எல்லாம் ஒரே வெள்ளை.
மலையின் ஈரத்தில் கிடந்து கிடந்து
எண்களை மறந்துவிட்டிருந்தன.

பில் இல்லாதவற்றை வாயால் சொன்னேன்.
அட்டைக்குப் பூசிய புகையிலை.
கிண்ணக்கொரைவரை ஆல்துரையின் ஜீப்;
அவர் கணக்கை விரலில் வைத்திருப்பார்.
மேகம் ஏறி கம்பி தெரியாமல் போக
நாற்பது மீட்டரில் இடுப்புப் பெல்ட்டில் தொங்கியபடி
விடியக் காத்திருந்த ஒரு ராத்திரி.
"அது செலவில்லை" என்றார்.
சாப்பாடு?
"எங்கே இருந்தாலும் சாப்பிட்டிருப்பீர்கள்."

ஒரு தாள் நழுவி ஹீட்டர் கம்பியில் சாய்ந்தது.
பதறி எடுத்தேன்.
தாள் கருத்திருந்தது.
எழுத்து இருந்த இடம் மட்டும் கருக்காமல்
வெளிறி நின்றது:
டீசல், பதினான்கு லிட்டர், காலை 6.10.

அப்புறம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினோம்,
அப்பளம் வாட்டுகிற பதத்தில்.
நாலைந்து முழுக்க இருண்டு போயின.
மற்றவை வாய் திறந்தன. கயிறு. லாட்ஜ். கயிறு.
அவர் படம் எடுத்தார், தேதி எழுதினார்,
டைரியில் நான் குறித்த டவர் எண்ணோடு சேர்த்தார்.

மே மாதத் தாள் ஒன்று.
ஊட்டி, கமர்ஷியல் ரோடு. சிறுமிகள் ஷூ, அளவு பதினொன்று.
டைரியில் அதே தேதியில் என் கையெழுத்து:
கிண்ணக்கொரை, ஜீப் வாடகை ஆயிரத்து எண்ணூறு.

ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.
மலர்க்கண்காட்சிக்குப் போயிருந்தோம்,
மகள் புது ஷூவைச் சேற்றில் இறக்கமாட்டேன் என்று
என் தோளிலேயே உட்கார்ந்திருந்தாள்.
"இந்த ஜீப்பை அடித்துவிடுங்கள்" என்றேன்.
அடித்தார். ஸ்கேல் வைத்து.

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் கழிந்தது.
மிச்சம் பத்துத் தவணை.
இரண்டாவது தவணைக்கு பைக் போகும்,
மூன்றாவதற்கு இன்னும் யோசிக்கவில்லை.

கீழே பேக்கரியில் கால் கிலோ வர்க்கி வாங்கினேன்.
மெஷின் துப்பிய பில்
வெதுவெதுப்பாக இருந்தது.
கேத்தி பஸ் வர நேரமிருந்தது.
திருப்பிப் போட்டு, பால்பாயிண்டால் அழுத்தி,
பின்பக்கத்தில் நானே எழுதினேன்:
வர்க்கி. கால் கிலோ. வீட்டுக்கு.